கேட்சருக்குச் சொல்லித் தராத சொல்

இந்த வசந்தத்தில் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளரங்கில் என்னிடம் தோள் பயிற்சிக்கு வரும் பிட்சர் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் மூன்று பேருக்குத் தமிழ் வாசிக்க வரும். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள், பரவாயில்லை. முடியாவிட்டால் வீட்டில் அம்மா அப்பாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பேஸ்பால் புரியாது என்பதால் அங்கங்கே விளக்கமும் போட்டிருக்கிறேன். விளக்கம் வரும் இடத்தில் நீங்கள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

ஏன் தமிழில் என்று கேட்பீர்கள். இதே கதையை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். அதில் நான் பெரிய தைரியசாலி போலத் தெரிந்தேன். பிரெஞ்சில் எழுதினால் என் மகள் சிவப்புப் பேனையுடன் வந்து பக்கத்தில் உட்காருகிறாள். பயம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். இது பயத்தைப் பற்றிய கதை. ஆகையால் தமிழ்.

நான் கடைசி இன்னிங்ஸ் பிட்சர், அதாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் பந்து எறிபவன். மற்றவர்கள் மாலை முழுக்க மாறி மாறி எறிந்து முடித்தபின், எங்கள் அணி கொஞ்சம் முன்னால் நிற்கும்போது, வேலிக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். நான் வந்து காப்பாற்ற வேண்டும். பலமுறை காப்பாற்றியிருக்கிறேன். சிலமுறை கெடுத்திருக்கிறேன். காப்பாற்றிய நாட்களில் என்னைப் பார்த்தவர்கள் "இவனுடைய நெஞ்சு கல்லு" என்று சொல்வார்கள். அந்தக் கல் நெஞ்சுக்காரன் அரை மணி நேரத்துக்கு முன்னால் எங்கே இருந்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் லீக்கில் இருந்த எல்லா மைதானங்களிலும் கழிவறையின் தரம் எப்படி என்று இன்றைக்கும் என்னால் வரிசைப்படுத்திச் சொல்ல முடியும். எந்தக் கதவு பூட்டும், எது பூட்டாது, எதன் சுவரில் யார் என்ன எழுதியிருந்தார் என்பது வரை.

பெரிய லீக்கில் நான் விளையாடவில்லை. அதற்குக் கீழே, அதற்கும் கீழே, சம்பளம் என்ற ஒன்றைத் தருகிற கடைசிப் படியில் விளையாடினேன். மொன்றியல் தீவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மைதானம். அந்த அணி இப்போது இல்லை. மொன்றியலுக்கு பேஸ்பால் அணிகளை வைத்துக்கொள்ளத் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும்.

அங்கே என் முதல் ஆட்டம். மேட்டில் நிற்கிறேன். பிட்சர் நிற்கிற இடம் கொஞ்சம் உயரமாக மண் போட்டு இருக்கும், அதனால் மேடு. ஊர் முழுக்க என்னைப் பார்ப்பதற்கென்றே கட்டியதுபோல இருக்கும். காது சுடுகிறது. ஓட்டக்காரர் நான்கு பேஸையும் வரிசையாகத் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். முதல் பேஸில் நிற்கிற ஓட்டக்காரர், நான் பாராத நேரம் அடுத்த பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடிவிடுவாரோ என்று பயம். சட்டென்று திரும்பி, முழு வேகத்தில் முதல் பேஸுக்கு எறிந்தேன். பந்து பார்வையாளர் பக்கம் போய் ஒருவருடைய பூட்டீன் தட்டில் விழுந்தது. உருளைக்கிழங்கும் குழம்பும் மூன்று வரிசைக்குத் தெறித்தன.

கேட்சர், அதாவது அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து என் பந்தைப் பிடிப்பவர், முகக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு ஆறுதலாக நடந்து மேட்டுக்கு வந்தார். பெரிய உடம்பு. மூக்கு இரண்டு இடத்தில் உடைந்து சேர்ந்திருந்தது.

"தம்பி, அங்கை ஒருத்தரும் இல்லை" என்றார்.

"எங்கை?"

"முதல் பேஸிலை. அந்த ஆள் அவுட் ஆகிப் போய் இப்ப உள்ளுக்கை இருந்து சூரியகாந்தி விதை சாப்பிடுறான்."

நான் முதல் பேஸைத் திரும்பிப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

"பயமோ?" என்றார்.

"இல்லை."

"சரி. அடிக்க நிக்கிற பெடியனை ஒருக்காப் பார். மட்டையை எப்பிடிப் பிடிச்சிருக்கிறான் எண்டு பார். விரல் வெளுத்துப் போச்சு. அவனும் பயந்துதான் நிக்கிறான். ஆர் முதல்ல காட்டிக் குடுக்கிறது எண்டதுதான் இந்த விளையாட்டு. உன்ர முகம் என்னட்டை. அதை நான் பாத்துக்கொள்ளுறன், நீ என்ர கையுறையை மட்டும் பார்."

இங்கே ஒரு விளக்கம். அவர் பேசியது கியூபெக் பிரெஞ்சு. பாரிஸ்காரர் கேட்டால் மூக்கைச் சுளிக்கிற பிரெஞ்சு. எனக்கு அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் காதில் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன். "தம்பி" மட்டும் அவர் உண்மையாகவே பிறகு தமிழில் சொல்லத் தொடங்கிய சொல். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்றேன். அவருடைய உண்மைப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

மனநிலை, போட்டிக் குணம் என்று நீங்கள் இப்போது நிறையப் படிக்கிறீர்கள். மூச்சை எண்ணுகிறீர்கள், கண்ணை மூடிக் காட்சி பார்க்கிறீர்கள். நல்லது. போன பந்தை மறந்துவிடு என்று உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். என்னால் ஒரு பந்தையும் மறக்க முடிந்ததில்லை. அந்தப் பூட்டீன்காரரின் சட்டை நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த போட்டிக் குணம் ஒன்றுதான்: நடுங்கிக்கொண்டே, என்னிடம் இருக்கிற மிகச் சிறந்த பந்தை எறிவது. அதை எனக்குக் காட்டியது அண்ணை. அதற்கு அவர் கொடுத்த விலையைத்தான் சொல்ல வருகிறேன்.

என் மிகச் சிறந்த பந்து, விழும் பந்து. நேராக வருவதுபோல வரும். அடிப்பவர் மட்டையைச் சுழற்றத் தொடங்கியபின், முழங்காலடியில் தரைக்கு விழுந்துவிடும். அடிப்பவர் காற்றை அடிப்பார். அழகான பந்து. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. தரையில் பட்டு எங்கே எழும்பும் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்சர் அதைக் கையாலோ நெஞ்சாலோ தடுத்து நிறுத்தி, அந்தப் பந்தால் அடிப்பவரைத் தொட வேண்டும். மூன்று முறை தவறவிட்டால் அடிப்பவர் அவுட், ஆனால் மூன்றாவது முறை கேட்சர் பந்தைப் பிடிக்காவிட்டால் அவர் அவுட் இல்லை, ஓடலாம். மற்ற பேஸ்களில் நிற்பவர்களும் ஓடலாம். கிரிக்கெட் பார்க்கிற அப்பாமார் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பந்து வீசுபவர் ஜெயித்த பிறகும், இன்னொருவர் கைக்குள் போய்ச் சேரும்வரை அந்த வெற்றி செல்லாது.

கேட்சர் எந்தப் பந்து வேண்டும் என்று காலிடுக்கில் விரலால் காட்டுவார். இரண்டாவது பேஸில் நிற்கிற எதிரணிக்காரருக்கு அது தெரியும், அவர் அடிப்பவருக்குச் சைகை செய்துவிடுவார். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழியைப் போல இந்த நகரத்தில் வேறு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அண்ணைக்கு நான் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். மேலை. கீழை. உள்ளை. வெளியை. பயப்பிடாதை. எங்கள் வீட்டு மேசையில் உப்பும் மிளகுத்தூளும் வைத்துப் பாடம் நடந்தது. இரண்டாவது பேஸில் ஆள் நின்றால், அண்ணை முகக்கவசத்துக்குள் இருந்து வெளிப்படையாகவே சத்தம் போட்டுச் சொல்வார். எதிரணிக்காரர்கள் அது ஏதோ ஜெபம் என்று நினைத்தார்கள். "கீழை" என்றால் விழும் பந்து.

கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில் நானும் அம்மாவும் இருந்த வீட்டுக்கு அண்ணை அடிக்கடி வருவார். அம்மாவுக்கு பேஸ்பால் பிடிக்காது. "வேலையில்லாததுகள் மண்ணுக்கை நிண்டு துப்புற விளையாட்டு" என்பார். அண்ணையைப் பிடிக்கும். அவர் இடியப்பத்தைத் தட்டில் குவித்து, சொதியைக் குளம்போல ஊற்றிச் சாப்பிடுவார்.

"தம்பி, இன்னும் ரண்டு வைக்கட்டோ?"

"கீழை, அம்மா" என்று தட்டைக் காட்டுவார் அண்ணை. தெரிந்த தமிழில் அதற்கு மேல் போக முடியாது.

"இந்தப் பிள்ளை உன்னைவிட நல்லாத் தமிழ் கதைக்குது" என்பார் அம்மா என்னைப் பார்த்து.

அந்த வருடக் கோடையின் நடுவில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போக இருந்த நாளில் என் கார் பழுது. அண்ணை தன் காரில் வந்தார். வந்தவர் உள்ளேயும் வந்தார். வெறுங்காலுடன் அந்தப் பெரிய உடம்பு கூட்டத்தில் நின்றது, குழந்தைகளெல்லாம் சாமியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தன. அம்மா அவர் பெயரிலும் ஒரு அர்ச்சனை செய்வித்தார்.

"பேர்?" என்றார் ஐயர்.

"பேர் வாயிலை வராது ஐயா. முருகதாசன் எண்டு சொல்லுங்கோ."

"நட்சத்திரம்?"

அம்மா ஒரு கணம் யோசித்தார். "ரேவதி" என்றார். எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். "முகத்தைப் பாத்தால் தெரியேல்லையோ" என்றார்.

தீபத் தட்டு வந்தது. எல்லோரும் இரண்டு கையையும் சுடர்மேல் காட்டிவிட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். அண்ணையும் மற்றவர்களைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினார். சுடர் சற்றுப் பெரிதாக எரிந்தது. வலது கை பட்டென்று திரும்பி வந்துவிட்டது. இடது கை அங்கேயே நின்றது. அவர் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் சுடருக்குள் இருந்தன. ஐயர்தான் தட்டைச் சட்டென்று இழுத்தார்.

"என்ன பக்தி பார்" என்றார் அம்மா, கண் கலங்கி.

நான் பார்த்தது பக்தியை அல்ல. கேட்சர் கையுறை போடுவது இடது கையில்.

அம்மா பிரசாதம் வாங்கப் போனபோது கார் நிறுத்துமிடத்தில் கேட்டேன். "எப்ப இருந்து?"

அவர் விரலைப் பார்த்தார். நுனி சிவந்திருந்தது. "சுட்டு விரலிலை உணர்ச்சி போன வருசமே போட்டுது. இப்ப நாலு விரலும். இவ்வளவு வருசம் ஒரே இடத்திலை பந்து வந்து அடிச்சால் வேறை என்ன நடக்கும்."

"டொக்டர்?"

"டொக்டருக்குத் தெரியும். கிளப்புக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது."

"அப்ப எப்பிடிப் பிடிக்கிறியள்?"

"சத்தத்தாலை" என்றார். "உள்ளங்கைக்கை விழுந்தால் ஒரு சத்தம். ஓரத்திலை பட்டால் வேறை சத்தம். நல்லாக் கேக்கும். எங்கடை மைதானத்துக்கு ஆர் வருகினம் சத்தம் போட?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கள் ஆட்டத்துக்கு வரும் கூட்டத்தைவிட அன்று அந்தக் கோயிலில் கூட்டம் அதிகம்.

அவருக்கு என்ன பணயம் என்பதும் அன்று தெரிந்தது. எங்கள் மேலாளர் அவரிடம் நேரடியாகவே சொல்லியிருந்தார்: அணி இறுதித் தொடருக்குப் போனால் அடுத்த வருடமும் அவரே கேட்சர். போகாவிட்டால் புதிதாக ஒரு பெடியனை எடுப்பார்கள். அண்ணைக்கு வேறு தொழில் தெரியாது, குடும்பமும் இல்லை. "எட்டு வயசிலை குந்தினனான்" என்றார். "எழும்பினால் எங்கை போறது எண்டு தெரியாது."

அன்றிலிருந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? விழும் பந்தை மறைத்து வைத்தேன். மூன்றாவது பேஸில் ஆள் நிற்கும்போது அண்ணை "கீழை" என்று கேட்டால் தலையை ஆட்டி மறுப்பேன். வேறு பந்து எறிவேன். சிலவற்றை அடித்தார்கள். அடி வாங்கிவிட்டு, தோள் சரியில்லை என்று மேலாளரிடம் முனகுவேன். அவருக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். இரவில் நல்ல நித்திரையும் வந்தது. அதிலிருந்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கு நல்ல நித்திரை வந்தால் எங்கோ ஏதோ பிழை.

அரையிறுதித் தொடரின் கடைசி ஆட்டம், செப்டம்பரில் ஒரு ஞாயிறு பிற்பகல். வெல்பவர் இறுதிக்கு. அந்த மைதானம் நிரம்பியிருந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. முரசு, ஊதுகுழல், தகரத் தட்டு. அம்மாகூட வந்திருந்தார். மூன்றாம் வரிசையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார், பின்னால் இருந்தவர்கள் பிரெஞ்சில் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி இன்னிங்ஸில் கூப்பிட்டார்கள். ஒரு ஓட்டம் முன்னால் நிற்கிறோம். எதிரணியில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் அவுட் ஆனால் முடிந்தது. ஆனால் இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள் நிற்கிறது. அடிக்க நின்றவர் அந்தத் தொடர் முழுக்க என்னை அடித்தவர். எப்படியோ இரண்டு முறை தவறவிட்டார். இன்னும் ஒன்று.

முகக்கவசத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "கீழை."

தலையை ஆட்டி மறுத்தேன்.

"கீழை."

மறுபடியும் மறுத்தேன். மூன்றாவது முறை அவர் சொல்லவில்லை. ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தக் கேட்டுவிட்டு எழுந்து மேட்டுக்கு வந்தார். கூட்டம் இரைந்துகொண்டிருந்தது, முகத்துக்கு முகம் நின்று கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"என்ன விசர் வேலை பாக்கிறாய்?"

"வேகப் பந்து எறியிறன் அண்ணை. உள்ளை."

"அதை இவன் ஆத்துக்கு அங்காலை அடிப்பான். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், குடையோடை இருக்கிற உன்ர அம்மாவுக்கும் தெரியும்."

"தரையிலை பட்டால்..."

"பட்டால்?"

நான் அவருடைய கையுறையைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அவர் குரல் தணிந்தது. அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. "கோயிலுக்குப் போன நாளிலையிருந்து நீ எனக்காக எறியிறாய். நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். எனக்காக எறியாதை தம்பி. அவனுக்கு எறி. பிடிக்கிறது என்ர வேலை. என்ர வேலையை நீ செய்ய வெளிக்கிட்டால், நான் இப்பவே எழும்பி வீட்டை போனமாதிரித்தான்."

திரும்பி நடந்தார். இரண்டடி போய்த் தலையை மட்டும் திருப்பித் தமிழில் சொன்னார்: "பயப்பிடாதை."

எறிந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பந்தை எறிந்ததில்லை, அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நேராகப் போய், கடைசி முழத்தில் தரைக்கு விழுந்தது. அடிப்பவர் சுழற்றினார். மட்டைக்கும் பந்துக்கும் இடையில் ஒரு பூனை போகலாம். கூட்டம் எழுந்துவிட்டது. முரசு, குழல், தட்டு எல்லாம் ஒன்றாக.

பந்து மண்ணில் பட்டு எழும்பிக் கையுறையின் ஓரத்தில் தட்டியதை நான் பார்த்தேன். அண்ணை கையுறையை இறுக்கி மூடி, அதால் அடிப்பவரைத் தொட்டார். எழுந்தார். முகக்கவசத்தைக் கழற்றி எறிந்தார். அந்த உடைந்த மூக்குடன் முகம் முழுக்கச் சிரிப்பு. மூடிய கையுறையை மேலே தூக்கிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து என்னை நோக்கி ஓடி வந்தார்.

பந்து அவருக்குப் பின்னால், வேலியோரம் புல்லில் கிடந்தது.

மூன்றாவது பேஸ்காரர் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டார். இப்போது இந்தக் கல் நெஞ்சுக்காரன் என்ன செய்தான் என்று கேளுங்கள். எனக்கு மூன்று மொழி தெரியும். அந்த மனிதருக்குப் பிரெஞ்சு தாய்மொழி, ஆங்கிலம் நன்றாகத் தெரியும், தமிழில் ஒரு கைப்பிடிச் சொற்கள். நான் கத்தினேன்: "பின்னாலை. அண்ணை, பின்னாலை."

மேலை தெரியும். கீழை தெரியும். உள்ளை, வெளியை தெரியும். அந்தச் சொல்லை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தேவைப்படும் என்று நினைக்கவில்லை. நான் தமிழில் கத்துவதைப் பார்த்து அவருக்கு இன்னும் சந்தோசம். "பயப்பிடாதை" என்று திருப்பிக் கத்தினார்.

நான் கையை நீட்டிக் காட்டியபோதுதான் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையுறையைக் கீழே இறக்கி, திறந்து, உள்ளே பார்த்தார்.

அவர் ஓடிப் பந்தை எடுக்கும்போது மூன்றாவது பேஸ்காரரோடு இரண்டாவது பேஸ்காரரும் கடைசி பேஸைத் தொட்டுவிட்டார். இப்போது ஒரு ஓட்டம் பின்னால் நிற்கிறோம். கூட்டம் அப்படியே அடங்கியது. அந்த மைதானம் பழையபடி ஆகிவிட்டது. அம்மா குடையை மடக்கும் சத்தம்கூடக் கேட்டிருக்கும்.

இன்னிங்ஸ் முடியவில்லை. மூன்றாவது ஆள் அவுட் ஆகவில்லையே. இன்னொருவர் அடிக்க வருகிறார், நான் எறிய வேண்டும். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்பினேன். உங்கள் வாழ்க்கையின் மிக மோசமான கணத்துக்குப் பிறகு, அடுத்த ஆள் மட்டையோடு வந்து நிற்பான். அவனுக்கு உங்கள் துக்கம் தெரியாது.

அண்ணை பந்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"என்ன சொல்லிக் கத்தினனி?"

"பின்னாலை. பின்னாலை கிடக்கு எண்டு."

ஒருமுறை அந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். "அதை முதலே சொல்லித் தந்திருக்கலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. இரண்டாவது கறி வைக்க மறந்த அம்மாவிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

போய்க் குந்தினார். கூட்டம் இல்லாததுபோன்ற அந்த அமைதியில் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது. "கீழை."

நான் மறுக்கவில்லை. எறிந்தேன். மறுபடியும் மறுபடியும் "கீழை" என்றே கேட்டார். கடைசிப் பந்து மண்ணில் பட்டு எகிறியது. அவர் கையை நம்பவில்லை, உடம்பை முன்னால் போட்டு நெஞ்சில் வாங்கினார். கீழே விழுந்த பந்தை வலது கையால் எடுத்து அடிப்பவரைத் தொட்டார். அவுட். தொட்டுவிட்டு, தேவையே இல்லாமல், கையுறைக்குள் ஒருமுறை பார்த்தார்.

எங்கள் அணியின் கடைசி முறை சீக்கிரம் முடிந்தது. ஒரு ஓட்டத்தில் தோற்றோம்.

நான் மேலாளரின் அறைக்குப் போனேன். விதிப்படி, தரையில் பட்டுப் போகிற பந்து பிட்சரின் பிழை. கேட்சரின் பெயரில் எழுத மாட்டார்கள். அதை வக்கீல் போலச் சொன்னேன். வியர்வை, மண், மூக்கு ஒழுகல் எல்லாவற்றோடும்.

அவர் நல்ல மனிதர், கேட்டார். "விதி எனக்கும் தெரியும்" என்றார். "வெறுங் கையுறையைத் தூக்கிக்கொண்டு ஓடினது ஆர் எண்டும் தெரியும். பிடிச்சனா இல்லையா எண்டு தெரியாத கேட்சரை நான் எப்பிடி வைச்சிருக்கிறது?"

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எனக்குப் பிறகு அண்ணையைக் கூப்பிட்டார். கதவு மூடியிருந்த நேரம் மிகக் குறைவு.

அன்று வேறு பந்து எறிந்திருந்தால் என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் சமையலறையில் நின்று. வேறு பந்து எறிந்து ஜெயித்திருந்தாலும், அண்ணைக்கு அது தெரிந்திருக்கும்: இவன் என்னைக் கேட்சராக மதிக்கவில்லை, நோயாளியாகப் பார்த்துக்கொள்கிறான் என்று. மேலாளர் அவரை அனுப்பும் முன்பே நான் அனுப்பியிருப்பேன். ஆகவே அதே பந்தைத்தான் எறிவேன். அதைச் சொல்லும்போது என் காது சுடுகிறது, அதையும் மறைக்கவில்லை. பரிதாபப்பட்டு எறிகிற பந்து யாரையும் காப்பாற்றாது. நல்ல பந்தும் சிலவேளை காப்பாற்றாது.

உங்கள் கேட்சர்களுடன் இப்போது நீங்கள் பொத்தான் அமுக்கிப் பேசுகிறீர்கள். தொப்பிக்குள் ஒரு குரல் வருகிறது. நல்ல வசதி. ஆனாலும் முதல் நாளே அவர்களுடன் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஜெயிப்பதற்கான சொற்களை எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறோம். பந்து தவறினால் என்ன சொல்லிக் கத்துவது என்பதையும் அன்றே பேசிக்கொள்ளுங்கள்.

அம்மா அன்று என்னிடம் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் என்னோடு நின்றார். "அந்தப் பிள்ளை சாப்பிட்டதோ?" என்று மட்டும் கேட்டார். இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை முருகதாசன், ரேவதி என்று அர்ச்சனை செய்விக்கிறார். அண்ணை வடக்கே எங்கோ மரம் ஏற்றும் லாரிகளுக்கு வழிகாட்டும் வேலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தொலைபேசியில் இரண்டொருமுறை பேசினோம். வா என்று நான் சொல்வேன், வாறன் என்று அவர் சொல்வார்.

அன்று அண்ணை மேலாளரின் அறையிலிருந்து வெளியே வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவருடைய கார் பழுது பார்க்கப் போயிருந்தது போலும், பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். வலது தோளில் பெரிய பை. இடது கையில் கையுறையைப் பிடித்திருந்தார். அம்மா கூப்பிட வாயெடுத்தார், நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

பாதித் தூரத்தில் கையுறை விரல்களிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. கை இன்னும் அதைப் பிடித்திருப்பதுபோலவே மடங்கியிருந்தது. நடந்துகொண்டேயிருந்தார்.

"அண்ணை" என்றேன். "பின்னாலை."

உடனே நின்றார். திரும்பி நிலத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார். நடந்து வந்து, வலது கையால் அதை எடுத்து, மண்ணைத் தட்டினார். பிறகு அதைத் திறந்து உள்ளே பார்த்தார்.

மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேருந்துக்குப் போனார்.